இருநூறு கிராம்

பெரியமேட்டு உள்ளரங்கில் பின்கதவை ஒட்டிய அறை.
காகிதம் ஒட்டியிருக்கிறது: பெண்கள், எடை.
ஆண்களுக்கு எதிர்ப்பக்கம்; அங்கே விசிலும் சிரிப்பும்.
இங்கே ஒரு தராசு, ஒரு திரைச்சீலை,
காலை ஆறிலிருந்து நான்.

பதினெட்டு நாட்டுப் பெண்கள் வரிசையில்.
ஒருத்தி உதட்டிலும் ஈரமில்லை.
இரண்டு நாளாகத் தண்ணீரைக்
கண்ணால் மட்டும் குடித்தவர்கள்.

நான் ஓட்டேரி ரேஷன் கடையில் எடை போடுகிறவள்.
இருபது கிலோ அரிசியில்
நானூறு கிராம் எங்கே இறங்கிவிடுகிறது என்று
எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.
கல்யாணத்துக்கு முந்தைய வருஷம்
மாநிலப் போட்டியில் ஒரு வெண்கலம்.
அதை யாரோ ஞாபகம் வைத்திருந்து
சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள்.
எடை போடத் தெரியும்தானே?

அய்சுலு, கிர்கிஸ்தான், நாற்பத்தொன்பதுக்குக் கீழ்.
உள்ளாடையோடு ஏறினாள்.
49.2
இறங்கி, அதையும் கழற்றிவிட்டு ஏறினாள்.
49.2
இன்னொரு முறை வரலாம், ஐம்பது நிமிஷத்துக்குள்.

பயிற்சியாளர் ஆண். கதவுக்கு வெளியே
கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.
அவள் என்னைப் பார்த்தாள்.
பேரேட்டை ஜெசிந்தாவிடம் தள்ளிவிட்டு எழுந்தேன்.

இரண்டு ஸ்வெட்டர். மேலே
குப்பை கட்டும் கறுப்புப் பை,
கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டியது.
மே மாதம், பகல் பன்னிரண்டு,
கடல்காற்று இன்னும் கிளம்பவில்லை.
சென்னை வெயிலைத் திட்டாத ஒருத்தியை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சைடன்ஹாம்ஸ் சாலை. தோல் மண்டி வாடை.
மூக்கைப் பொத்துவாள் என்றிருந்தேன்;
ஆழமாய் இழுத்து ஏதோ சொன்னாள்,
புரியாததால் கடிவாளம் பிடிப்பதுபோல் கையைக் காட்டினாள்.
ஓடினோம். நான் செருப்போடு,
கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு.
யாருக்கா தொர்த்துறாங்கோ, என்றான் ஆட்டோக்காரன்.
இருநூறு கிராம்பா, என்றேன்.

அவள் பாஷை எனக்குத் தெரியாது, என்னுடையது அவளுக்கு.
இருவருக்கும் தெரிந்தது எண்கள்:
ஹனா, துல், செட், நெட், தாசொத்.
கொரியாவை வரைபடத்தில் மட்டுமே பார்த்த மாஸ்டர்
அயனாவரம் பள்ளிக்கூடப் புழுதியில்
என் முழங்காலுக்குள் ஏற்றிவிட்டவை.
பத்து வரைதான். அதற்கு மேல்
அவளுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை போல.
யோல் முடிந்ததும் ஹனா.
ரிப்பன் மாளிகை வரைக்கும் ஹனா,
திரும்பும்போதும் ஹனா.
சிக்னல் தாண்டி நான் மூச்சிரைத்து நின்றபோது
நின்ற இடத்திலேயே குதித்தபடி
எனக்காகவும் சேர்த்து அவள் எண்ணினாள்.

காலி பாட்டிலில் எச்சிலைத் துப்பிக்கொண்டே வந்தாள்,
அடிக்கடி தூக்கி அளவு பார்த்துக்கொண்டு.
பைக்குள்ளிருந்து முழங்கை வழியாக
நீர் சொட்டியது,
தாரில் விழுந்த தடம் உடனே காய்ந்தது.

48.9
கையெழுத்துப் போட்டாள், தன் எழுத்தில்.
பிறகு குடித்தாள்.
கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு,
கீழே விழுந்துவிடுகிறவள் போல.

எல்லோரும் போனபின் நானும் ஏறினேன்.
புடவை, ஈரம், சாவிக்கொத்து உட்பட 71.6
பெண்கள், எழுபத்துமூன்றுக்குக் கீழ்.
எனக்கும் ஒரு பிரிவு இருக்கிறது.
ரசீது போடவா, என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் கடைக்குப் பருப்பு வந்துவிட்டது.
அய்சுலுவின் ஆட்டத்தை நான் பார்க்கவில்லை.
முதல் ஆட்டத்திலேயே போய்விட்டாள் என்று
சாயங்காலம் ஜெசிந்தா போன் செய்தாள்.
தலையில் ஒரு உதையாம். எழுந்து,
குனிந்து வணங்கிவிட்டுத்தான் போனாளாம்.
எந்தக் கால், இடதா வலதா, என்றேன்.
அதெல்லாம் கவனிக்கலையே, என்றாள்.

பருப்புப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
எட்டு. ஒன்பது. பத்து. ஒன்று.
பத்துக்கப்புறம் பதினொண்ணுக்கா,
என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.